கேளாமலே நிறுவலாமா?

கணினி அறைக்குள் நுழைந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்கிறோம். திரை ஒளிர்கிறது. வேலையைத் தொடங்கிவிடுகிறோம். அந்தத் திரைக்குப் பின்னால் யார் எதை நிறுவினார்கள், நிறுவும்போது கணினி என்ன கேட்டது, அதற்கு யார் என்ன விடை சொன்னார்கள் என்று என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? சென்ற ஆண்டு வரை நாங்களும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்க்கும்படி ஒன்று நடந்தது. அதைப் பற்றி எழுதவே பேனாவை எடுத்தோம்.

நம் கணினி அறையில் 34 கணினிகளும், அவற்றுக்கெல்லாம் பொதுவாக ஒரு சர்வரும் இருப்பதை அறிவீர்கள். எல்லாவற்றிலும் டெபியன் லினக்ஸ். ஆண்டுக்கொரு முறை, மே விடுமுறையில், இவற்றின் மென்பொருள்களைப் புதுப்பிப்பதும், புதிய மாட்யூல்களை நிறுவுவதும் கணினி மன்றத்தின் பொறுப்பு. மன்றத்தில் அப்போது ஒன்பதாம் வகுப்பை முடித்திருந்த நாங்கள் ஆறு பேர். மிஸ் மேற்பார்வை செய்வார்கள். ஆனால் விசைப்பலகையில் கை வைப்பது நாங்கள்தான்.

இந்த வேலையைக் கணினி கேள்வி கேட்காதபடி செய்யலாமா, கூடாதா என்று மன்றத்தில் ஒரு சொற்போரே நடந்தது. ஒரு கட்சியார், "வீட்டுக்காரரைக் கேளாமல் வீட்டுக்குள் சாமான் இறக்கலாமா?" என்றனர். மறு கட்சியார், "34 கணினிகளிலும் உட்கார்ந்து என்டர் தட்டத்தானா நாம் படிக்கிறோம்?" என்றனர். இரண்டும் பாதி சரி என்பதே எங்கள் கருத்து. ஏன் என்று சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறோம்.

முதலில் மாட்யூல் என்றால் என்ன? ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் தம் நிரலுக்குள் பொருத்திக்கொள்ளும்படி செய்த துண்டு. நம் நூலகத்தில் புத்தகம் எடுக்கும்போது சிஸ்டர் பதியும் 'கோஹா' என்னும் நிரலை எடுத்துக்கொள்வோம். நியூசிலாந்தில் ஒரு நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் அங்கே பயனுக்கு வந்தது அது. எவரும் இலவசமாகப் பெறலாம். அது பெர்ல் மொழியில் எழுதப்பட்டது. தேதியைக் கணக்கிட ஒரு மாட்யூல், பட்டைக்குறி அச்சிட ஒன்று, மின்னஞ்சல் அனுப்ப ஒன்று என்று அது நூற்றுக்கணக்கான மாட்யூல்களின் தோளில் நிற்கிறது. பெர்ல் மொழியை லாரி வால் என்பவர் 1987-இல் வெளியிட்டார். அதற்கான மாட்யூல்களையெல்லாம் ஒரே இடத்தில் குவித்து வைக்கும் களஞ்சியம் 1995-இல் தொடங்கியது. அதன் பெயர் சீபான்.

சீபானிலிருந்து ஒரு மாட்யூலை நிறுவச் சொன்னால் அது சும்மா வந்து உட்கார்ந்துவிடாது. "இதற்கு இன்னும் ஐந்து மாட்யூல்கள் வேண்டும், அவற்றையும் சேர்க்கட்டுமா?" என்று கேட்கும். அந்த ஐந்தில் ஒன்று, "இணையத்தைத் தொட்டுச் சோதித்துப் பார்க்கட்டுமா?" என்று கேட்கும். இன்னொன்று, "கூடவே இந்தச் சிறு கட்டளைகளும் வேண்டுமா?" என்று கேட்கும். ஒவ்வொரு கேள்வியின் பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் ஒரு விடை இருக்கும். நாம் ஒன்றும் சொல்லாமல் என்டரை மட்டும் தட்டினால் கணினி அந்த விடையையே எடுத்துக்கொள்ளும். இதை 'டிஃபால்ட்' என்பார்கள். நாங்கள் 'இயல்பு விடை' என்று சொல்லிப் பழகிவிட்டோம். 'ஒய்', 'என்' இரண்டும் அருகருகே இருந்தால் பெரிய எழுத்தில் இருப்பதே இயல்பு விடை.

கேள்விகளே வேண்டாம் என்றால், 'பெர்ல் எம்எம் யூஸ் டிஃபால்ட்' என்ற சூழல் மாறிக்கு 1 என்று மதிப்புக் கொடுத்துவிட்டால் போதும். கேள்வி கேட்கும் இடம் வரும்போதெல்லாம் இயல்பு விடையை எடுத்துக்கொண்டு அது போய்க்கொண்டே இருக்கும். ஜப்பானியரான தத்சுஹிகோ மியாகவா 2010-இல் வெளியிட்ட 'சீபான்எம்' என்ற சிறு கருவியோ தொடக்கத்திலிருந்தே வாய் திறக்காத பிள்ளை. நாமாகக் கேட்கச் சொன்னால் அன்றி அது கேட்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு அக்காமார் பைதான் பாடத்துக்குப் பயன்படுத்தும் 'பிப்' என்பதும் மாட்யூலை நிறுவும்போது "சம்மதமா?" என்று கேட்பதில்லை. நீக்கும்போதுதான் கேட்கும்.

கேள்விகள் வேண்டாம் என்போரின் கட்சிக்கு வலுவான காரணம் உண்டு. முதல் நாள் நாங்கள் கேள்விகளோடுதான் தொடங்கினோம். ஆளுக்கொரு கணினியைக் கிளப்பிவிட்டு, இறங்குவதற்கு நேரமாகும் என்று சாப்பிடப் போனோம். ஒரு மணி நேரம் கழித்து வந்தால், போன மூன்றாவது நிமிடத்திலேயே ஆறு கணினிகளும் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அப்படியே நின்றிருந்தன. என்டரைத் தட்டினோம். அடுத்த கேள்வி இருபது நிமிடம் கழித்து வந்தது. அப்போது நாங்கள் வெளியே வேப்பமரத்தடியில் பேசிக்கொண்டிருந்தோம். இப்படியாக ஒரு நாள் முழுவதும் போயும் ஆறு கணினிகள்கூட முடியவில்லை.

அதைவிட முக்கியமான ஒன்றையும் அன்று கண்டோம். முதல் கணினியில் ஒவ்வொரு கேள்வியையும் அகராதி வைத்துக்கொண்டு படித்தோம். இரண்டாவதில் வேகமாகப் படித்தோம். நான்காவதில் கேள்வி முழுவதும் திரையில் வருவதற்கு முன்பே என்டர் மேல் விரல் இருந்தது. பன்னிரண்டாவது கணினியில் உட்கார்ந்திருக்கும் பெண் என்ன செய்வாள் என்று சொல்லவும் வேண்டுமா? கேட்கிறது, விடை சொல்கிறோம், ஆகவே கவனமாக இருக்கிறோம் என்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. நிஜத்தில் அங்கே விடை சொல்வது விரல். 'கேளாமல் நிறுவக் கூடாது' என்னும் கட்சியார் இதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன் என்கிறார்கள்.

ஆனால் இயல்பு விடை என்பது என்ன? அந்த மாட்யூலை எழுதியவர், தம் மேசையில் உட்கார்ந்துகொண்டு, பெரும்பாலோருக்கு இதுதான் பொருந்தும் என்று ஊகித்த விடை. அவருக்கு நம் பள்ளியைத் தெரியாது. இதற்கு வேடிக்கையான ஓர் உதாரணம் நம் நூலகத்திலேயே நடந்தது. கோஹாவுக்காக சர்வருக்குள் தனியாக ஒரு சிறு பெட்டகம் அமைத்து, அதில் எல்லாவற்றையும் கேள்வியின்றி நிறுவினோம். டெபியனில் 'நீ எந்த ஊர்?' என்பதுபோல் நேர மண்டலத்தைக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. விடை சொல்ல ஆள் இல்லாவிட்டால் உலகப் பொது நேரத்தையே எடுத்துக்கொள்ளும். அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். விளைவு, காலை ஒன்பதரைக்குப் புத்தகம் எடுத்த எட்டாம் வகுப்புத் தங்கைகள் எல்லாரும் விடியற்காலை நாலு மணிக்கு எடுத்ததாகப் பதிவேடு சொன்னது. "இவ்வளவு படிப்பு ஆர்வமா!" என்று சிஸ்டர் சிரித்தார்கள். பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டோம். யாருக்கும் நஷ்டமில்லை.

எல்லா இடத்திலும் சிரிப்போடு முடிவதில்லை. பெர்ல் உலகில் மூத்தவர்கள் இன்றும் சொல்லும் கதை ஒன்று உண்டு. இணையப் பக்கங்களைப் பெற்றுத் தரும் எல்.டபிள்யூ.பி. என்ற மாட்யூல் தொகுதி, நிறுவும்போது, "கெட், ஹெட், போஸ்ட் என்ற மூன்று சிறு கட்டளைகளையும் சேர்க்கட்டுமா?" என்று அந்நாளில் கேட்டது. மூன்றும் பெரிய எழுத்துப் பெயர்கள். யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு. ஆகவே ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் 2001-இல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸ் கணினிகளின் கோப்பு முறைமை வழக்கமாக இரண்டையும் ஒன்றாகவே பார்ப்பது. கோப்பின் முதல் சில வரிகளைக் காட்டும் 'ஹெட்' என்ற பழைய யூனிக்ஸ் கட்டளை அதில் ஏற்கெனவே இருந்தது. கேள்விக்கு ஆம் என்று போனவர்களின் கணினியில் புது 'ஹெட்' வந்து பழைய 'ஹெட்'டின் மேல் உட்கார்ந்துவிட்டது. அதை நம்பியிருந்த மற்ற நிரல்கள் எல்லாம் தடுமாறின. கேள்வியை எழுதியவர் கெட்டவர் அல்லர். அவர் தோட்டத்தில் அந்தச் செடி நன்றாகத்தான் வளர்ந்தது.

இனி எங்கள் கதைக்கு வருகிறோம். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் சென்ற ஆண்டு மலரில் ஏன் பக்கங்கள் குறைந்தன என்று உங்களில் பலர் கேட்டீர்கள். எங்களில் யாரும் நேராக விடை சொல்லவில்லை.

டெபியனில் கேள்வி கேட்பவர்கள் மூவர் இருக்கிறார்கள். இதை அன்று நாங்கள் அறியோம். "இத்தனை தொகுதிகள் இறங்கும், தொடரட்டுமா?" என்று கேட்பது 'ஆப்ட்'. அதற்குக் கட்டளையிலேயே 'ஒய்' என்று சேர்த்துவிட்டால் அது கேட்காது. தொகுதிகளின் சார்பில் ஊர், கடவுச்சொல், உரிமம் முதலியவற்றைக் கேட்பது 'டெப்கான்ஃப்'. அதற்கு 'நான்-இன்டராக்டிவ்' என்று சொல்லிவிட்டால் அதுவும் மௌனம். மூன்றாமவர்தான் 'டிபிகேஜி'. நாம் கைப்பட மாற்றிய ஓர் அமைப்புக் கோப்பு இருந்து, புதிய பதிப்பிலும் அதே கோப்பு மாறி வந்தால், "உங்களுடையதை வைத்துக்கொள்ளட்டுமா, புதியதைப் போடட்டுமா?" என்று அது கேட்கும். முதல் இருவரின் வாயை மூடிவிட்டதால் இவர் மூடமாட்டார். இவருக்குத் தனி ஏற்பாடு செய்ய வேண்டும்.

முதல் இருவரையும் நாங்கள் மௌனமாக்கிவிட்டோம். பெருமையாக இருந்தது. அப்படியும் ஒரு கணினியில் டிபிகேஜியின் கேள்வி வந்து வேலை நின்றது. எங்களுக்கோ அதற்குள் பொறுமை போயிருந்தது, மின்விசிறியும் ஓடவில்லை. 'யெஸ்' என்று ஒரு கட்டளை யூனிக்ஸ் காலத்திலிருந்தே இருக்கிறது. நிறுத்தும் வரை ஓயாமல் 'ஒய், ஒய், ஒய்' என்று அச்சிட்டுக்கொண்டே இருப்பது ஒன்றே அதன் வேலை. அதன் வாயை நிறுவும் கட்டளையின் காதோடு இணைத்துவிட்டால், எந்தக் கேள்வி வந்தாலும் 'ஆம்' என்றே விடை போகும். மீதிக் கணினிகளுக்கும், கடைசியாகச் சர்வருக்கும் அப்படியே செய்தோம். மாலைக்குள் எல்லாம் முடிந்தது. கைதட்டிக்கொண்டோம்.

சர்வரில் கேள்விக்குள்ளான கோப்பு எது தெரியுமா? ஒவ்வொரு இரவும் நம் கோப்புகளையெல்லாம் வெளியே உள்ள தனி வட்டில் நகல் எடுத்து வைக்கும் நிரலின் அமைப்புக் கோப்பு. 'எந்த வட்டுக்குப் போக வேண்டும்' என்பதை முந்தைய மிஸ் அதில் எழுதி வைத்திருந்தார்கள். டிபிகேஜி முறையாகக் கேட்டது. அதன் இயல்பு விடை, 'உங்களுடையதையே வைத்துக்கொள்' என்பது. அதாவது நாங்கள் பேசாமல் இருந்திருந்தால், வெறும் என்டரைத் தட்டியிருந்தால், ஒன்றும் ஆகியிராது. 'ஒய்' என்பதற்கு அந்த இடத்தில் பொருள் 'புதியதைப் போடு' என்பது. புதிய கோப்பு வந்தது. அதில் நம் வெளி வட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அன்றிரவிலிருந்து நகல்கள் சர்வரின் உள்ளேயே, மூலக் கோப்புகள் இருந்த அதே வட்டில், ஒழுங்காக எடுக்கப்பட்டு வந்தன. பிழை என்று ஒரு வரிகூடத் திரையில் வரவில்லை. வருவதற்குக் காரணமும் இல்லை.

செப்டம்பரில் அந்த வட்டு பழுதாயிற்று. மூலமும் நகலும் ஒன்றாகப் போயின. வெளி வட்டைத் திறந்து பார்த்தால் மே மாதத்தோடு நின்றிருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு அக்காமாரின் செய்முறைக் கோப்புகள் போயின. அவர்கள் மீண்டும் எழுதினார்கள். எங்களைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மலருக்காகத் தட்டச்சு செய்து வைத்திருந்த பதினொரு கட்டுரைகளும் போயின. அவற்றில் ஒன்று, ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி தன் பாட்டியிடம் கேட்டுத் தொகுத்த எழுபது விடுகதைகள். தட்டச்சு ஆகிவிட்டதே என்று கையெழுத்துத் தாள்களை நாங்கள் பழைய தாள் கட்டோடு போட்டுவிட்டிருந்தோம். அவள் மறுபடி பாட்டியிடம் போய் உட்கார்ந்தாள். நாற்பத்திரண்டு திரும்பக் கிடைத்தன. மற்றவை பாட்டிக்கு நினைவுக்கு வரவில்லை.

பிறகு பழைய வட்டிலிருந்து மீட்க முடிந்த சில பகுதிகளில், நிறுவலின்போது திரையில் ஓடியதையெல்லாம் கணினி தானே எழுதி வைத்திருந்த பதிவுக் கோப்பு கிடைத்தது. அதைப் படித்தோம். கேள்வி முழுவதும் அங்கே இருந்தது, நான்கு வழிகளும் விளக்கத்தோடு. வித்தியாசத்தைக் காட்டட்டுமா என்றுகூட அது கேட்டிருக்கிறது. அடுத்த வரியில், புதிய கோப்பு நிறுவப்படுவதாகச் செய்தி. மே மாதத்திலேயே அந்தப் பதிவைப் படித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் சரிசெய்திருக்கலாம். ஏனென்றால் மிஸ்ஸின் பழைய கோப்பையும் டிபிகேஜி வீசிவிடவில்லை. பெயரின் வாலில் 'பழையது' என்ற குறியோடு பக்கத்திலேயே வைத்திருந்தது.

"பார்த்தீர்களா, இதற்குத்தான் கேள்வி கேட்டே நிறுவ வேண்டும் என்றோம்" என்று முதல் கட்சியார் எழுந்து நிற்பது தெரிகிறது. சற்றுப் பொறுங்கள். கேள்வி கேட்கப்பட்டுவிட்டால் மட்டும் ஆபத்து விலகிவிடுமா? 2018-இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூலுக்கு நடந்ததைப் பாருங்கள். அதை எழுதியவர் ஓய்ந்துபோய், உதவ முன்வந்த ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். வந்தவர், பிட்காயின் பணப்பை ஒன்றைக் குறிவைத்துத் திருடும் துண்டை வேறொரு மாட்யூலின் மூலம் உள்ளே நுழைத்தார். "நிறுவட்டுமா?" என்று ஆயிரம் முறை கேட்டிருந்தாலும் எல்லாரும் ஆம் என்றே சொல்லியிருப்பார்கள். 2024-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் எக்ஸ்-இசட் என்னும் சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக் கதவு இருப்பதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். எந்தக் கேள்வியும் அவருக்கு உதவவில்லை. தொலைவிலிருந்து உள்நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாகிறதே என்று அவர் ஐயப்பட்டதே உதவியது. கணினி கேட்கும் கேள்வி 'போடட்டுமா' என்பதுதான். 'இதை எழுதியவர் யார், இப்போது இது யார் கையில் இருக்கிறது' என்று அது கேட்பதில்லை. அதை நாம்தான் கேட்க வேண்டும், அதுவும் நிறுவத் தொடங்குவதற்கு முன்பு.

விண்டோஸில் பவர்ஷெல் மாட்யூல்களை நிறுவும்போது ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. களஞ்சியம் நம்பகமானது என்று நாம் முன்பே சொல்லி வைக்காவிட்டால், "நம்பகம் என்று குறிக்கப்படாத இடத்திலிருந்து வருகிறது, சரியா?" என்று கேட்டு, 'இல்லை' என்பதையே இயல்பு விடையாக வைத்திருக்கிறது. ஒன்றும் சொல்லாதவனுக்கு ஒன்றும் நிறுவாது. ஆப்ட்டின் இயல்பு விடையோ 'ஆம்'. ஆகவே 'எப்போதும் இயல்பு விடை' என்பதும் ஒரு விதியாகாது, 'எப்போதும் ஆம்' என்பதும் ஒரு விதியாகாது. நேர மண்டலத்தில் இயல்பு விடை எங்களைக் கைவிட்டது. அமைப்புக் கோப்பில் அதுவே எங்களைக் காப்பாற்றியிருக்கும்.

அப்படியானால் எங்கள் கட்சி எது? கேளாமல் நிறுவலாம் என்பதே. ஆனால் விடைகளை முன்கூட்டியே எழுதி வைத்த பிறகு. இது நாங்கள் கண்டுபிடித்த புதுமை அல்ல. டெபியனில் டெப்கான்ஃப் கேட்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் விடைகளை ஒரு கோப்பில் முன்னரே எழுதிக் கொடுக்கலாம்; 'ப்ரீசீட்' என்பார்கள். ரெட் ஹாட் லினக்ஸில் இதையே 'கிக்ஸ்டார்ட்' என்ற கோப்பால் செய்கிறார்கள். விண்டோஸிலும் விடைக் கோப்பு உண்டு. சீபானிலும், எந்த மாட்யூல் எந்தக் கேள்வியைக் கேட்டால் எந்த விடை என்று தனித்தனியே எழுதி வைக்க ஏற்பாடு இருக்கிறது. டிபிகேஜிக்கும், 'கேள்வி வந்தால் பழையதையே வைத்துக்கொள்' என்று கட்டளையிலேயே சொல்லிவிடலாம். இவையெல்லாம் அன்று எங்கள் மூக்குக்கு முன்னால்தான் இருந்தன. ஆனால் 'யெஸ்' மூன்றெழுத்துதானே, தட்டுவதற்கு எளிது!

இந்த மே மாதம் நாங்கள் வேலையை வேறு விதமாகச் செய்தோம். ஒரே ஒரு கணினியைச் சோதனைக்கென்று ஒதுக்கினோம். அதில் எல்லாக் கேள்விகளையும் கேட்கவிட்டோம். ஒருத்தி கேள்வியை உரக்கப் படிக்க, ஒருத்தி பொருள் சொல்ல, ஒருத்தி குறிப்பேட்டில் கேள்வி, விடை, காரணம் என்று மூன்று பத்திகளாக எழுதினாள். இரண்டு நாள் ஆயிற்று. முப்பத்தொரு கேள்விகள் வந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இயல்பு விடையே சரியாக இருந்தது. ஆறுக்கு மட்டும் நம் பள்ளிக்கென்று வேறு விடை தேவைப்பட்டது. ஆறுதானே என்று எண்ணாதீர்கள். சென்ற ஆண்டு எங்களைக் கவிழ்த்தது ஒன்றே ஒன்று.

அந்த விடைகளைக் கோப்பில் ஏற்றி, மற்ற 33 கணினிகளையும் கேள்வியின்றி ஓடவிட்டோம். ஒரு பிற்பகலில் முடிந்தது. சர்வரைக் கடைசியில் தொட்டோம், அதுவும் முதல் நாளே வெளி வட்டில் நகல் இருக்கிறதா என்று திறந்து பார்த்த பிறகு. முடிந்ததும் ஒவ்வொரு கணினியின் பதிவுக் கோப்பையும் ஆளுக்கு ஐந்தாறாகப் பங்கிட்டுக்கொண்டு படித்தோம். சலிப்பான வேலைதான். ஒன்பதாவது கணினியில் இடையில் மின்சாரம் போய் இரண்டு மாட்யூல்கள் பாதியில் நின்றிருந்தது அப்போதுதான் தெரிந்தது. யாரும் கேட்காததால் யாரும் சொல்லவும் இல்லை. பதிவைப் படித்திராவிட்டால், ஜூனில் ஏதோ ஒரு வகுப்பு நடுவே அது வெளிப்பட்டிருக்கும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். விடை எழுதி வைக்காத புதுக் கேள்வி நடுவில் வந்தால் என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒருமனம் இல்லை. இயல்பு விடையை எடுத்துக்கொண்டு போகட்டும், பிறகு பதிவில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள் எங்களில் நால்வர். இருவர், அந்தக் கணினி அங்கேயே நிற்கட்டும், ஒரு நாள் தாமதமானால் என்ன என்கிறோம். 34 கணினிகளுக்கு முதல் வழியும், சர்வருக்கு இரண்டாம் வழியும் என்று மிஸ் இப்போதைக்குத் தீர்த்து வைத்திருக்கிறார்கள்.

குறிப்பேடு கணினி அறையில், சாவிக்கொத்து தொங்கும் ஆணிக்குக் கீழே உள்ள அலமாரியில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். அடுத்த ஆண்டு எங்களில் பாதிப்பேர் வேறு பிரிவுகளுக்குப் போய்விடுவோம் என்பதால், இப்போது எட்டாம் வகுப்பில் இருப்பவர்களில் நால்வரை மன்றத்தில் சேர்த்திருக்கிறோம். விடுகதை தொகுத்த தங்கையும், "நானும் வரலாமா அக்கா?" என்று கேட்டாள். அவளுக்கு இன்னும் வயது போதாதுதான். ஆனாலும் பதிவுக் கோப்புகளை உரக்கப் படிக்கும் வேலையை அவளிடம் கொடுத்திருக்கிறோம்.